வாங்கும் உரிமையும் வாழும் உரிமையும்

மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய இயல் ‘ஷுஃப்ஆ’. ஒரு நிலத்தில் இருவர் கூட்டுப் பங்காளிகளாக இருக்கின்றனர். அவருள் ஒருவர் தம் பங்கை மூன்றாமவருக்கு விற்றுவிடுகின்றார். அப்போது மற்றப் பங்காளி, வாங்கியவர் கொடுத்த அதே விலையைக் கொடுத்து அப்பங்கைத் தம் வசமாக்கிக் கொள்ளலாம் என்பது அவ்வியலின் சாரம். பாடம் முடிந்ததும் பிற்பந்தியில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார்.

“ஹஜ்ரத், விற்பவர் மனமொப்பி விற்கின்றார், வாங்குபவர் மனமொப்பி வாங்குகின்றார், விலையும் பேசி முடிந்துவிட்டது. இடையில் மூன்றாமவருக்கு என்ன உரிமை? அப்படி ஓர் உரிமை உண்டென்றால், காஷ்மீர் மண்ணை வெளியார் வாங்கக் கூடாதென்று அங்குள்ளோர் சொன்னதும் நியாயந்தானே? அது நியாயமில்லையென்றால் இந்த ஷுஃப்ஆவுக்கு மட்டும் நியாயம் எங்கிருந்து வந்தது?”

“நாளைக்குச் சொல்கிறோம், தம்பி” என்று கூறிக் கிதாபை மூடினோம். மறுநாளும் சொல்ல இயலவில்லை. ஒரு வரியில் விடை சொல்லத்தக்க கேள்வி அன்று அது. விற்பனை, குடியுரிமை, அண்டை அயல், எண்ணிக்கை, அச்சம் ஆகிய ஐந்தும் அதனுள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய முயன்றதன் விளைவே இக்கட்டுரை. வாசக அன்பர்கள் இதனை ஒரு ஃபத்வாவாகக் கொள்ளாமல், நம்மோடு உடனிருந்து சிந்திக்கும் முயற்சியாகக் கொள்வார்களாக.

ஏனைய பொருளும் நிலமும்

ஓர் ஆட்டை விற்றால் ஆடு கைமாறுகின்றது. விற்றவரின் அண்டை வீட்டாருக்கு அதனால் நட்டமொன்றுமில்லை. நிலத்தின் தன்மை அவ்வாறன்று. அது இடம் பெயராது. அதனை வாங்குகின்றவரே நம் பக்கத்தில் வந்து நிற்கின்றார். வரப்பு, வாய்க்கால், கிணறு, பாதை, மையவாடி, பள்ளிவாசலுக்குச் செல்லும் சந்து ஆகிய யாவும் அவரோடு நாம் பகிர்ந்துகொள்ள வேண்டியவையாகின்றன. ஆகவேதான் மனமொப்பிய வியாபாரத்தை ஆகுமாக்கிய அதே மார்க்கம், நிலத்தின் விற்பனையில் மட்டும் உடனிருப்பவரின் குரலுக்கும் இடந் தந்தது. அவ்வுரிமைக்குச் சட்ட அறிஞர்கள் கூறும் காரணம், பங்காளிக்கு நேரக்கூடிய இடரைத் தடுத்தல் என்பதாகும்.

இவ்வுரிமையின் எல்லையில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இது கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே உரியது. ஹனஃபீ மத்ஹபில் பங்காளிக்குப் பின், பாதை, நீர் போன்றவற்றில் உடனுரிமை உள்ளவருக்கும், அவருக்குப் பின் அடுத்த நிலத்துக்காரருக்கும் இது விரிகின்றது. எல்லை எதுவாயினும் அடிப்படை ஒன்றே. நிலத்தைப் பொறுத்தவரை, பணம் கொடுத்தவர் ஒருவரே பேசத்தக்கவர் அல்லர்.

நம் சென்னை மாகாணத்தின் உயர் நீதிமன்றம் 1870ஆம் ஆண்டிலேயே இந்த ஷுஃப்ஆ உரிமையைச் செயல்படுத்த மறுத்துவிட்டது. சொத்துடையவர் தம் விருப்பப்படி விற்கும் சுதந்திரத்தை அது கட்டுப்படுத்துகின்றது. ஆதலால் நீதிக்கும் நேர்மைக்கும் ஒவ்வாது என்பது அக்கால ஆங்கிலேய நீதிபதிகளின் எண்ணம். எனவே நம் பக்கத்தில் அது ஏட்டுப் பாடமாகவே நின்றுவிட்டது. காஷ்மீரிலோ, முன்னுரிமைக் கொள்முதலுக்கென 1936இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டு, 2020 அக்டோபர் வரை நடப்பிலிருந்தது. ஆகவே நம் மாணவர் இரண்டையும் இணைத்துக் கேட்டதில் பிழையில்லை.

விலைக்குப் போன நாடு

காஷ்மீர் மக்கள் மண்ணைப் பற்றி ஏன் இத்துணை அஞ்சுகின்றனர் என்பதை அறிய, 1846ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். சீக்கியரோடு நடந்த போரில் வென்ற ஆங்கிலக் கம்பெனியார், அமிர்தசரஸ் உடன்படிக்கையின் வாயிலாகக் காஷ்மீரத்தை 75 இலட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்கு ஜம்முவின் குலாப் சிங்குக்குக் கொடுத்துவிட்டனர். மலையும் ஆறும் வயலும் அவற்றின்மீது வாழ்ந்த மக்களும் ஒரே கிரயத்தில் அடங்கினர். அம்மக்களிடம் ஒரு சொல் கேட்டவர் இல்லை. தம்மைக் கேளாமல் தம் நாடு விலை பேசப்பட்ட நினைவு ஒரு சமுதாயத்தின் நெஞ்சில் எளிதில் ஆறுவதில்லை.

பின்னர் டோக்ரா மன்னராட்சியில் அரசாங்க உத்தியோகங்களைப் பஞ்சாபிலிருந்து வந்தோர் பெரும்பாலும் கைப்பற்றினர். ‘காஷ்மீர் காஷ்மீரிகளுக்கே’ என்னும் கோரிக்கை அப்போதுதான் எழுந்தது. அதனை முன்னின்று எழுப்பியோர், படிப்பும் உத்தியோக நாட்டமும் கொண்டிருந்த காஷ்மீரப் பண்டிதர்களே. ஹிந்துக்களின் கோரிக்கையை ஏற்று, ஹிந்து மன்னரான ஹரி சிங், 1927 ஏப்ரல் 20ஆம் நாள் ‘இராஜ்யப் பிரஜை’ யார் என்பதை வரையறுத்து அறிவிக்கை வெளியிட்டார். அசையாச் சொத்து வாங்கும் உரிமையும் அரசுப் பணியும் அத்தகையோருக்கே என்றாயிற்று. ஆகவே இச்சட்டத்தை முஸ்லிம்கள் தமக்கென அமைத்துக்கொண்ட கோட்டையென எண்ணுவோரும், அவ்வாறு எண்ணிப் பெருமைப்படுவோரும் ஒருசேர வரலாற்றைத் தவறவிடுகின்றனர்.

அவ்வறிவிக்கையில் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய ஒரு கூறு உண்டு. பரம்பரைக் குடிகள் முதல் வகுப்பினர். 1911ஆம் ஆண்டுக்கு முன் வந்து நிலைத்தவர் இரண்டாம் வகுப்பினர். அதன்பின் வந்தோராயினும், அரசின் அனுமதிச் சீட்டின்பேரில் சொத்துப் பெற்றுப் பத்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தோர் மூன்றாம் வகுப்பினராகலாம். மதில் எழுப்பப்பட்டது உண்மையே. ஆனால் அம்மதிலில் ஒரு வாயிலும் வைக்கப்பட்டிருந்தது.

சுதந்திரத்தின் பின் 1950இல் ஷேக் அப்துல்லாஹ்வின் அரசு பெருநிலவுடைமை ஒழிப்புச் சட்டத்தைக் கொணர்ந்து, ஒருவர் 182 கனாலுக்கு, அதாவது 22¾ ஏக்கருக்கு மேல் வைத்திருந்த உழவு நிலத்தை உழுதவருக்கே உரிமையாக்கியது. நில உடைமையாளருக்கு ஈட்டுத்தொகையும் கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தை உழுது வந்த குடியானவன் முதன்முதலாகத் தன் மண்ணில் நின்றான். 1954 மே 14ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஆணையால் 35-ஏ பிரிவு இந்திய அரசியல் சட்டத்துள் சேர்க்கப்பட்டு, நிரந்தரக் குடிகளுக்குரிய நில உரிமை காக்கப்பட்டது. அந்நாளில் இராஜ்யப் பிரஜையாயிருந்தோரும், சட்டப்படி சொத்துப் பெற்று அந்நாளுக்கு முன் பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்திருந்தோருமே நிரந்தரக் குடிகள் எனப்பட்டனர். முந்திய மதிலில் இருந்த வாயில், இந்நாளோடு ஏறக்குறைய அடைபட்டுப் போயிற்று. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்துக. பின்னர் இதற்கு வருவோம்.

மதில் விழுந்த விதம்

2019 ஆகஸ்ட் 5, 6 ஆகிய நாள்களில் காஷ்மீரின் தனிநிலை நீக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 31இல் அந்த மாநிலம் இரு ஒன்றியப் பகுதிகளாயிற்று. 2020 அக்டோபர் 26ஆம் நாள் வெளியான ஆணை, நிலச் சட்டங்களில் ‘மாநிலத்தின் நிரந்தரக் குடி’ என்றிருந்த சொற்களை அகற்றியது. உழவு நிலத்தை உழவரல்லாதாருக்கு விற்பதற்குத் தடை வைக்கப்பட்டது. அதற்கும் அரசு விலக்களிக்கலாம். ஏனைய நிலத்தை இந்தியக் குடிமகன் எவரும் வாங்கலாமென்றாயிற்று. பெருநிலவுடைமை ஒழிப்புச் சட்டமும், பழத்தோட்டங்களைக் கைமாற்றத் தடை செய்திருந்த 1975ஆம் ஆண்டுச் சட்டமும், மேலே நாம் கூறிய முன்னுரிமைக் கொள்முதல் சட்டமும் அவ்வாணையால் நீக்கப்பட்டன. 2023 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் தனிநிலை நீக்கத்தைச் செல்லுபடியாகுமெனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கேள்விக்கு அத்தீர்ப்பு விடை. அறத்தின் கேள்வி அதன் பின்னும் எஞ்சி நிற்கின்றது; நாம் எடுத்துக்கொண்டது அதனையே.

திறந்துவிடுக என்போரின் வழக்கு

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு கேளாமல் தீர்ப்புச் சொல்பவன் காழியாகான். ஆகவே அதனைக் கேட்போம்.

ஸ்ரீநகரத்து சால்வை வியாபாரி நம் உதகையிலோ, கொடைக்கானலிலோ, மாமல்லபுரத்திலோ கடை வைக்கின்றார். பொருளீட்டினால் அங்கேயே மனை வாங்கி வீடு கட்டத் தடையேதுமில்லை. அவருடைய ஊரில் நாம் ஒரு முழ நிலம் வாங்க இயலாதென்றால், ஒரே நாட்டின் குடிகளிடையே இது சமநீதியா? இது முதற் கேள்வி.

1947இல் பாகிஸ்தானாகிவிட்ட மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிருக்கஞ்சி ஓடிவந்து ஜம்முவில் தங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் எழுபதாண்டுகள் கடந்தும் மாநிலச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கவோ, சொத்து வாங்கவோ, மாநில அரசுப் பணி பெறவோ முடியவில்லை. அங்கேயே பிறந்த பேரப்பிள்ளைகளும் வெளியார் எனப்பட்டனர். 1957இல் துப்புரவுப் பணிக்கெனப் பஞ்சாபிலிருந்து அரசே அழைத்து வந்த வால்மீகி மக்களின் நிலையோ இன்னும் கொடிது. அவர்களின் பிள்ளைகள் பட்டம் பெற்றாலும், அங்கு அவர்களுக்குத் திறந்திருந்த அரசுப் பணி துடைப்பம் ஒன்றே. எந்த மார்க்கம் பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று போதித்ததோ, அம்மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதனைக் கண்டும் காணாதிருப்பது தகுமா?

மூன்றாவது, பெண் மக்களின் வழக்கு. வெளியூராரை மணந்த மகள் தன் நிரந்தரக் குடியுரிமையை இழப்பாள் என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. வெளியூர்ப் பெண்ணை மணந்த மகனுக்கோ இழப்பு ஒன்றுமில்லை. 2002 அக்டோபரில் அம்மாநில உயர் நீதிமன்றம் மகளின் உரிமை அழியாதென்று தீர்ப்பளித்தது. அப்போதும் அவள் பிள்ளைகளின் நிலை தெளிவாகவில்லை. பெற்றோர் விட்டுச்சென்றதில் குறைவாயினும் மிகுதியாயினும் பெண்ணுக்கும் பங்குண்டென விதித்த திருமறையை ஓதும் மக்களுக்கு, இது குறையாகத் தோன்றாவிடின் அது நம் கண்ணின் குறையேயாகும்.

இம்மூன்று வாதங்களையும் நாம் மெய்யென ஒப்புக்கொள்கின்றோம். மதிலைக் காத்தவர்கள் அதன் வாயிலைத் திறந்து வைத்திருந்தால், மதிலை இடிக்க வந்தோருக்கு இத்துணைச் சாட்சிகள் கிடைத்திருக்க மாட்டா.

அஞ்சுவோரின் வழக்கு

இனி மறுபக்கம். இரு நாடுகள் உரிமை கோரி நிற்கும் ஒரு மண்ணில் நிலம் வாங்குதல் வெறும் வாணிபமாக நில்லாது. அங்கே யார் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதே நாளைய நிலையைத் தீர்மானிக்கும். எண்ணிக்கை மாறினால் குரல் மாறும்.

விற்பனை செல்லும், ஆயினும் அநீதி நிகழலாம் என்பதற்கு வரலாற்றில் ஒரு கடுஞ்சான்று உண்டு. ஃபலஸ்தீனத்தின் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் பரந்த நிலங்கள் பெய்ரூத் நகரில் வாழ்ந்த சுர்சோக் குடும்பத்தாருக்குச் சொந்தமாயிருந்தன. 1920களில் அவர்கள் அவற்றை யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய நிறுவனத்தாருக்கு விற்றனர். பத்திரம் சரி, பணமும் சரி. தலைமுறைகளாக அம்மண்ணை உழுதுவந்த அரபுக் குத்தகைக் குடிகளோ வெளியேற நேர்ந்தது. விற்றவர் அங்கு வாழ்ந்தவரல்லர். வாழ்ந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. வசிக்காத உடைமையாளனால் விளையும் தீங்கை இதனினும் தெளிவாகக் காட்ட நம்மால் இயலாது.

இவ்வச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. ஹிமாசலப் பிரதேசம் 1972ஆம் ஆண்டின் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவால், உழவரல்லாதார் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்குவதைத் தடுக்கின்றது. நாகாலாந்து, மிசோரம் ஆகியவற்றில், அவற்றின் சட்டமன்றம் இசைந்தாலன்றி நில உடைமை பற்றிய நாடாளுமன்றச் சட்டம் செல்லாதென அரசியல் சட்டமே கூறுகின்றது. லதாக்கின் லே நகரத்துப் பௌத்தர்கள் 2019இல் காஷ்மீரிலிருந்து பிரிந்ததைக் கொண்டாடினர். சில ஆண்டுகளுக்குள் தம் நிலத்துக்குக் காப்பில்லையென உணர்ந்து, கார்கில் முஸ்லிம்களோடு ஒன்றுகூடி, ஆறாம் அட்டவணையின் பாதுகாப்பையும் மாநிலத் தகுதியையும் கேட்கலாயினர். 2025 செப்டம்பர் 24ஆம் நாள் லேயில் மூண்ட கிளர்ச்சியின்போது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். பாகிஸ்தானின் ஆளுகையிலுள்ள ஆஸாத் காஷ்மீரில் இராஜ்யப் பிரஜை விதி நிலைத்தது. கில்கித் பல்திஸ்தானில் அது கைவிடப்பட்டு வெளியார் குடியேறினர் என்று அப்பகுதி மக்கள் குறை கூறுகின்றனர். அங்கே ஆள்வோரும் முஸ்லிம்கள். குறை கூறுவோரும் முஸ்லிம்கள். ஆகவே இது மதத்தின் வழக்கன்று. சிறியவன் பெரியவனை நோக்கித் தொடுக்கும் வழக்கு.

அச்சம் மெய்ப்பட்டதா என்றால், எண்ணிக்கை அவ்வாறு காட்டவில்லை. 2020 முதல் 2022 வரையான மூன்றாண்டுகளில் ஜம்மு காஷ்மீரில் நிலம் வாங்கிய வெளியார் 185 பேர் என 2023இல் நாடாளுமன்றத்தில் அரசு கூறியது. வெள்ளமென வந்து மூழ்கடிப்பர் என்றோரின் சொல் அம்மட்டில் பொய்த்தது. ஆயினும் நாம் அளக்க வேண்டியது எண்ணிக்கையை மட்டுமன்று. சட்டம் மாற்றப்பட்டபோது அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் இல்லை, முன்னாள் முதலமைச்சர்கள் காவலில் இருந்தனர், தொலைபேசியும் தடைப்பட்டிருந்தது. 1846இல் கேட்கப்படாதவர்கள் 2019இலும் கேட்கப்படவில்லை. நல்லதே செய்யப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். கேளாமல் செய்யப்பட்ட நன்மை, பெறுபவருக்கு நன்மையாகத் தோன்றுவதில்லை.

மதீனாவில் கண்ட வழி

மக்காவிலிருந்து நாடிழந்து வந்த முஹாஜிர்களை மதீனா எவ்வாறு ஏற்றது என்பதை நாம் அடிக்கடி பேசுகின்றோம். வந்தவர்கள் மதீனாவின் மண்ணை எவ்வாறு நடத்தினர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அழைக்கப்பட்டுச் சென்றார்கள். அகபாவில் அம்மக்கள் கொடுத்த வாக்குறுதியின் பின்னரே ஹிஜ்ரத் நிகழ்ந்தது. பள்ளிவாசல் கட்டத் தேர்ந்த இடம் இரு அநாதைச் சிறுவர்களுக்குரியது. இலவசமாகத் தர முன்வந்தபோது ஏலாது, விலை கொடுத்தே பெற்றார்கள். அன்ஸார்கள் தம் பேரீச்சந் தோட்டங்களைச் சரிபாதியாகப் பிரித்துத் தருவதாகக் கூறியபோது பெருமானார் அதற்கு இசையவில்லை. தோட்டம் அவர்களுடையதாகவே இருக்க, உழைப்பில் உதவிக் கனியில் பங்கு பெறும் ஏற்பாடு உண்டாயிற்று. ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை நீட்டியபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அவருக்குத் துஆச் செய்துவிட்டுக் கடைத்தெரு எப்பக்கம் என்று மட்டும் கேட்டார்கள். கைபருக்குப் பின் வசதி வந்ததும், அன்ஸார்கள் பயன்படுத்தக் கொடுத்திருந்த மரங்களை முஹாஜிர்கள் திருப்பிக் கொடுத்தனர்.

வந்தவர் மண்ணைக் கேட்கவில்லை, வாழ்வைக் கேட்டார். இருந்தவர் மண்ணை இழக்கவில்லை, உறவைப் பெற்றார். ஆயினும் வந்தவர் என்றென்றும் அந்நியராய் வைக்கப்படவுமில்லை. இருபாலாருக்கும் இதிற் பாடமுண்டு.

இன்னொரு சான்று உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலிருந்து. ஈராக்கின் ஸவாத் என்னும் செழுநிலம் வெல்லப்பட்டபோது, அதனைப் படைவீரர்க்குப் பங்கிட்டுத் தர வேண்டுமெனப் பலர் வற்புறுத்தினர். பிலால் (ரலி) போன்ற பெரியோரும் அவருள் இருந்தனர். உமர் (ரலி) இசையவில்லை. இன்று பங்கிட்டால் பின்வரும் தலைமுறைக்கு எஞ்சுவது என்ன என்பது அவர்களின் கேள்வி. நாட்கணக்கில் கலந்தாய்ந்தபின் உழுதவரிடமே நிலம் விடப்பட்டு, அவர்மீது ஹராஜ் வரி விதிக்கப்பட்டது. வென்றவர்க்கு அதிகாரம் கைகூடியிருந்தது. அதிகாரம் இருப்பதாலேயே எடுத்துக்கொள்ளலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வெளியே வாழும் உள்ளூரார்

இவ்விடத்தில் நம் நெஞ்சைச் சுடும் ஒரு செய்தியைக் கூறாது விடுவோமாயின், இதுகாறும் எழுதியது வீண். ‘வசிக்காதவர்’ என்னும் சொல்லுள் அந்நியர் மட்டும் அடங்குவதில்லை. 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் கொலைக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய பண்டிதர்களும் அங்கு வசிக்காதவர்களே. எந்தச் சமுதாயம் 1920களில் அம்மண்ணுக்குக் காப்பு வேண்டுமெனக் குரலெழுப்பியதோ, அச்சமுதாயமே ஜம்முவின் முகாம்களில் கூடாரம் கண்டது.

அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளும் தோட்டங்களும் பல, மதிப்பிற் குறைந்த விலைக்குக் கைமாறின. சில பிறரால் பிடிக்கப்பட்டன. இதனைத் தடுக்க 1997இல் அம்மாநிலச் சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அவ்வீடுகளை வாங்கியோருள் நம் மார்க்கத்தவர் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. நெருக்கடிக்கு ஆளானவனின் நிர்ப்பந்தத்தைப் பயன்படுத்தி அவன் பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்குவதை நம் அறிஞர்கள் வெறுத்துரைத்துள்ளனர். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் வளையமாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கை, வெளியாருக்கு மட்டும் விடுக்கப்பட்டதன்று. மண்ணைக் காக்க வேண்டும் என்று உரத்துப் பேசுபவன், தன் அண்டை வீட்டுக்காரனின் சாவி எவரிடம் இருக்கின்றது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

அதேபோல் பண்டிதரின் துயரைக் காட்டி மண்ணைத் திறந்துவிடுக என்போரும் ஒன்றை எண்ண வேண்டும். பண்டிதருக்கு வேண்டியது தம் சொந்த முற்றத்துக்குத் திரும்பும் பாதுகாப்பு. அவர் என்றும் அம்மண்ணின் நிரந்தரக் குடியே. பழைய சட்டம் அவருக்குத் தடையாயிருந்ததில்லை. யாரோ ஒரு முதலாளி அங்கு மனை வாங்குவதால் அவருக்கு ஊர் திரும்பிவிடாது.

நாம் கண்ட விடை

அல்லாஹ்வின் பூமி விசாலமானது. எவரும் எங்கும் வாழலாமே என்று சிலர் கேட்பர். விசாலமானது, உண்மை. ஒடுக்கப்பட்டவன் ஒதுங்க இடமுண்டு என்பதற்கு அது ஆறுதல்; இருப்பவனை ஒதுக்க வலியவனுக்கு அது அனுமதி ஆகாது.

நம் மாணவருக்கு நாம் சொல்லத் துணிவது மூன்று. முதலாவது, நிலத்தில் வாழ்வோரின் உரிமை, நிலத்தை வாங்குவோரின் உரிமைக்கு முற்பட்டது. எனவே தம் மண்ணின் விற்பனைக்கு எல்லை வகுக்கும் உரிமை ஒரு சிறு மக்கட்குழுவுக்கு உண்டு. உரிமைச் சண்டை நடக்கும் மண்ணில் அது இன்னும் மிகுதியாக உண்டு. அவ்வெல்லையை மாற்றுவதாயின் அவர்களைக் கேட்டே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, அவ்வெல்லை பிறப்பினால் அமைவது முறையன்று. வாழ்வினால் அமைய வேண்டும். பின்லாந்து நாட்டுக்குட்பட்ட ஆலந்துத் தீவுகள் ஸ்வீடிஷ் மொழி பேசுவோரின் மண். அவை யாருக்கு என்ற வழக்கு 1921இல் சர்வதேச சங்கத்தின் முன் சென்றது. தீவுகள் பின்லாந்துக்கு என்றும், தீவினரின் மொழிக்கும் நிலத்துக்கும் காப்பு வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று. அங்கு நிலம் வைத்திருக்க உள்ளூர் உரிமை வேண்டும். ஆயினும் ஐந்தாண்டு அங்கு வாழ்ந்து, ஸ்வீடிஷ் மொழி அறிந்த பின்லாந்துக் குடிமகன் அவ்வுரிமையை வேண்டிப் பெறலாம். மதிலும் உண்டு, வாயிலும் உண்டு. காஷ்மீரின் மதிலில் 1954க்குப் பின் வாயில் இல்லாமற் போனது பிழை. வாயில் வைப்பதற்கு மாறாக மதிலையே வீழ்த்தியது மற்றொரு பிழை.

மூன்றாவது, சட்டம் அனுமதிப்பதும் மனச்சான்று அனுமதிப்பதும் ஒன்றல்ல. சட்டம் திறந்துவிட்ட வாயிலில் நுழைபவரும், ‘நான் இங்கு வாழ வருகின்றேனா, இங்குள்ளோரை விலக்க வருகின்றேனா?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனை மாணவரிடம் சொல்லி முடித்தபோது அவர் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “ஹஜ்ரத், எங்கள் வாப்பா சவூதியில் இருக்கிறார்கள். பெரிய வாப்பா தம் பங்கு வீட்டை வாப்பாவுக்கே விற்றுவிட்டார்கள். அதில் எங்கள் மாமிக்கும் பங்கு இருக்கிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமி அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.”

அவர் காஷ்மீரைக் கேட்கவில்லை. தம் வீட்டைக் கேட்டிருக்கின்றார். சகோதரர் இருவரும் பங்காளிகளாதலால் இங்கு ஷுஃப்ஆவின் விவரம் வேறு. நம் நாட்டு நீதிமன்றத்தில் அது எடுபடவும் செய்யாது. ஆனால் அந்த மூதாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் தேவையில்லை. “வாப்பாவுக்குக் கடிதம் எழுது, தம்பி. மாமியின் இருப்பு அவர்கள் ஹயாத்துள்ளவரை உறுதி என்று அவர்கள் காதில் விழும்படி வாப்பாவே சொல்லட்டும்” என்றோம்.

காஷ்மீருக்கு நாம் கடிதம் எழுத இயலாது. நம் வீட்டுக்கு எழுதலாம். அண்டை அயலாரின் உரிமையை அறிந்து நடக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும், அம்மலை நாட்டில் இருப்போருக்கும், அதைவிட்டுப் பிரிந்து வாடுவோருக்கும் அருள்வானாக! ஆமீன்.